மேல் தாழ்ப்பாள்

மேல் தாழ்ப்பாள் எட்டும் உயரம்
செல்வினுக்கு ஏழு வயதில் வந்தது.
அன்றிலிருந்து நான் ஓடுகிறேன்.

மூன்று மாடி, ஐம்பத்து நான்கு படி,
பூக்கடை வாளிகள், காய்கறி வண்டி, சிக்னல்.
நைட்டிக்கு மேல் துப்பட்டா,
ஒரு கையில் அவன் செருப்பு.
அடுப்பில் என்ன இருந்ததென்று
திரும்பி வரும்போதுதான் வாசனை சொல்லும்.
பிள்ளை பிடிக்கிறவள் என்று ஒருநாள்
மாட்டுங்கா மார்க்கெட்டில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.
அவன் அம்மா என்று கூப்பிடாத பிள்ளை.
நிரூபிக்க நேரமில்லை,
பிடித்த கையைக் கடித்துவிட்டு ஓடினேன்.

ஆகவே ஆபீஸில் அந்தத் தாள் சுற்றில் வந்து,
ஆட்டிசம் ஆராய்ச்சிக்கு நிதி, முழு மராத்தான்,
முன் பயிற்சி உண்டா என்று கேட்டபோது
ஐந்து வருஷம் என்று எழுதினேன்.

ரசீதுப் புத்தகத்தோடு சொசைட்டியில் ஏறி இறங்கினேன்.
கோத்தாரி வீட்டில் ஐயாயிரத்து ஒன்றும்
ஒரு பெருமூச்சும்.
இரண்டாம் மாடியில் மூன்று வாரமாக
யுபிஐ வேலை செய்யவில்லை.
இஸ்திரிக்கார ராம்சேவக்
நூறு ரூபாயைச் சட்டை மாதிரியே மடித்துக் கொடுத்தார்.
இதனால உங்க பையனுக்குச் சரியாயிடுமா
என்றவர்களுக்கெல்லாம் ஒரு பதில் வைத்திருந்தேன்.
தனசிங் கேட்டபோது அது வரவில்லை.

ஜனவரி. விடியாத கடல்.
சீ லிங்க் பாலத்தில், பதினாறாவது கிலோமீட்டரில்
உறைத்தது:
முன்னால் அவன் முதுகு இல்லை.
அந்த நீலக்கோட்டுச் சட்டை இல்லாமல்
எதைப் பார்த்து ஓடுவது?
முன்னே போன யாரோ ஒருவரின் முதுகைப்
பிடித்துக்கொண்டேன்.
அவர் தண்ணீருக்கு நின்றார், நானும் நின்றேன்.
அவர் இடது பக்கம் துப்பினார்,
செல்வின் துப்பமாட்டான் என்று நினைத்தேன்.

என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்?
அவனை வேறொருவனாக்கும் மருந்தென்றால்
ராம்சேவக்கின் நூறை முதலில் திருப்பிக் கேட்பேன்.
அந்தச் சண்டையிலேயே பாதி மூச்சு போயிற்று.
குக்கர் விசில் அவனுக்குள் என்னவாக இறங்குகிறது,
அதைச் சொல்லட்டும்.
ராத்திரி மூன்று மணிக்கு எதற்குச் சிரிக்கிறான்,
நானும் சிரிக்கலாமே.
எனக்குப் பிறகு அந்தத் தாழ்ப்பாளை யார்

பெடர் ரோடு ஏற்றம் வந்துவிட்டது.
ஓரத்தில் நின்ற சிறுமி ஆரஞ்சுச் சுளை நீட்டினாள்.
அது ஆராய்ச்சிக் கேள்வி இல்லை.

ஐந்து மணி ஐம்பத்தொரு நிமிஷம்.
கழுத்தில் பதக்கம் போட்டார்கள்,
வாழைப்பழம் கொடுத்தார்கள்.
லோக்கலில் யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள்;
மாட்டுங்காவில் எழுந்திருக்கத்தான்
இரண்டு பேர் தேவைப்பட்டது.

செல்வின் பதக்கத்தைப் பார்க்கவில்லை.
தனசிங் வெந்நீர் வைத்திருந்தார், உப்புப் போட்டு.
ஒரு காலை வாளிக்குள் விட்டேன்.

டக்.

அவர் குளியலறையில் இருந்தார்.
ஐம்பத்து நான்கு படி.
முன்பக்கமாக முட்டி மடங்கவில்லை,
கைப்பிடியைக் கட்டிக்கொண்டு
பின்பக்கமாக இறங்கினேன், நண்டு மாதிரி.
வாட்ச்மேன் சைகையால் திசை சொன்னார்.
தேவையில்லை, எனக்குத் தெரியும்.

கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்தின் அடியில்
எப்போதும் நிற்கும் அதே தூண்.
எப்போதும்போல வலது உள்ளங்கையை அதில் ஒட்டியிருந்தான்.
ஐந்து வருஷமாக அந்தக் கையைப்
பிய்த்தெடுத்து வீட்டுக்கு இழுத்துப் போயிருக்கிறேன்.
இன்று இழுக்கத் தெம்பில்லை.
விழாமல் இருக்க நானும் தூணைப் பிடித்தேன்.

மேலே ஒரு பஸ் போனது.

சிமெண்டுக்குள் எங்கோ தொடங்கி
மணிக்கட்டுக்கு வந்து, முழங்கைவரை ஏறி.
தூணா, என் தொடையா, தெரியவில்லை.
அவன் கையைக் கொஞ்சம் நகர்த்தினான்.
இடம் விட்டானா, விலகினானா,
அதையும் யாராவது கண்டுபிடிக்கட்டும்.

எனக்கு ஒரு கால் ஈரம்,
இரண்டிலும் செருப்பில்லை.
பதக்கம் தூணில் இடித்துக்கொண்டிருந்தது.
அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.