பார்க்கலாம்

பந்துக்காக விழவில்லை.
பந்து அப்போது எதிர்ப்பக்கம் இருந்தது.
செங்காங் திடலின் நனைந்த நீலத் தரையில்
திரும்பினேன், அவ்வளவுதான்.
முட்டிக்குள் 'டப்' என்றது.
எனக்குக் கேட்டது.
பத்தடி தள்ளி நின்ற ஷஸ்வானிக்குக் கேட்கவில்லையாம்.

அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர்
காலை இழுத்துப் பார்த்து, சுளுக்காக இருக்கலாம் என்றார்.
பலதுறை மருந்தகத்தில் வீக்கத்தை அமுக்கி
ஜவ்வாக இருக்கலாம் என்றார்கள்.
தெம்பனிஸ் சின்சே மஞ்சள் களிம்பு தடவி,
காற்று, என்றார். இருக்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை.
மூவருக்கும் காசு கொடுத்தேன்.

ஸ்கேன் எந்திரம்
மேல்வீட்டில் ஓடு பெயர்ப்பதுபோல்
இருபத்தைந்து நிமிடம் தட்டியது.
இனி உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்று
மூச்சையும் மெதுவாக விட்டுக் கிடந்தேன்.

திரையில் சாம்பல்.
அதற்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சாம்பல்.
டாக்டர் சீட்டோ பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டார்:
பாதிக் கிழிசல். அல்லது
எப்போதோ பட்டு, நான் மறந்துபோன அடி.
எப்போது ஆடலாம்?
ஆறு வாரம். சிலருக்கு ஆறு மாதம்.
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே
ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.
என் மண்டைக்குள் அது தமிழாக விழுந்தது:
பார்க்கலாம்.

அதே சொல்.
எந்திரத்துக்குள் கிடந்தபோது அதற்கு வேறு அர்த்தம்.

கோச் ஜஸ்பீருக்குத் தேதி வேண்டும்.
சரக்கு முனையத்தில் மேலாளருக்கும் வேண்டும்,
விடுப்புப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது.
அம்மாவுக்கு மட்டும்
இடதா வலதா தெரிந்தால் போதும்,
மாரியம்மனுக்கு வெள்ளிக் கால் வாங்க.

மூன்றாம் வாரம் வீக்கம் வடிந்தது.
ஐந்தாம் வாரம், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை,
மேம்பாலப் படியில் பாதியில் நிற்கையில்
திரும்ப வந்திருந்தது.
எதனால் என்று கேட்டேன்.
பிசியோ ஜெர்மைன் தன் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

இன்று பயிற்சி பார்க்க வந்தேன்.
பிற்பகலில் தீவின் சில பகுதிகளில் இடியுடன் மழை
என்றது கைப்பேசி.
எந்தப் பகுதிகள் என்று அதுவும் சொல்லாது.
வானம் வெளுத்துக் கிடக்க,
சிவப்பு விளக்கு சுழன்று மின்னல் சைரன் அலறியது.
மட்டைகளோடு எல்லோரும் கூரைக்குள் ஓடிவந்தார்கள்.

யாரும் என்னைப் பார்க்காத நேரம்
இடது காலை ஊன்றி
அன்று திரும்பிய மாதிரியே, மெல்ல,
திரும்பினேன்.

டப் என்று கேட்கவில்லை.
சைரன் இன்னும் ஓயவில்லை.