இதர விவரம்

செவ்வாய்க்கிழமை. ஆடிக் காத்து.
பையில் இருபத்தாறு மனுக்கள்.
பதினேழாவது: துளசிமணி, வயது நாற்பத்தொன்று,
பல்லடம், தறிக்குடோனுக்குப் பின்சந்து.
கேட்டிருப்பது சாய்தளம்.
அந்தப் படிவத்தில் கேட்க முடிந்ததும் அது ஒன்றுதான்.
கூரை ஒழுகினால் மஞ்சள் படிவம்,
சுவர் விரிந்தால் வேறு மேசை.

"வாங்க அம்மிணி, இந்தப் புழுதியில வந்திருக்கீங்க."
ஒரு கையால் வீல்சேரைத் திருப்பி
மறு கையால் சொம்பை நீட்டினாள்.
தளும்பத் தளும்பத் தண்ணீர்.
ஒரே மூச்சில் குடித்துவிட்டு டேப்பை உருவினேன்.

வாசலில் மூன்று படி, ஏழேழு அங்குலம்.
அங்குலம் ஏற அடி ஓட வேண்டும், விதி அப்படி.
மூவேழு இருபத்தொன்று, ஆக இருபத்தோரு அடி.
சந்து ஒன்பதடி. அதிலும் சாக்கடைக்கு ஒன்றரை.
நேராக இழுத்தால் எதிர்வீட்டுக் குழந்தைவேலின்
அடுப்படிக்குள் போய் முடியும் சாய்தளம்.
அவரே எட்டிப் பார்த்துச் சொன்னார்:
"வரட்டுமுங்க, ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டுத்
திரும்பிப் போகட்டும்."
அவளும் சிரித்தாள்.
காத்து டேப்பின் நடுவயிற்றைப் பிடித்துப்
படபடவென்று அடித்தது.

இப்போது கிடப்பது ஒரு பழைய கதவுப் பலகை.
யாரோ இடித்த வீட்டிலிருந்து
பொங்கியண்ணன் தோளில் சுமந்து வந்தது.
ஏற ஒருவர் தள்ள வேண்டும்,
இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.
"கம்பெனி வேன் கவுந்து ஆறு வருசமாச்சுங்க.
ரோட்டுக்குப் போயி நான் என்னங்க பண்றேன்?"
பிறகு குழந்தைவேல் உள்ளே போகும்வரை இருந்து,
"பொடக்காலிக் கதவை அளந்து பாருங்க" என்றாள்.

பொடக்காலியில் கக்கூஸ்.
தகரக் கதவு, உள்பக்கம் திறக்கிறது.
நிலை இருபத்துநாலு அங்குலம்.
வீல்சேர் இருபத்தாறு.
என் கை தவறியிருக்கட்டும் என்று மறுபடி அளந்தேன்.
இருபத்துநாலு.

பொங்கியண்ணன் தறிக்குப் போவது ராத்திரி எட்டு,
திரும்புவது காலை எட்டு.
தூக்கி உட்கார வைக்க வேறு ஆளில்லை.
"அஞ்சு மணிக்கு மேல தண்ணி வாயில வெக்கறதில்லீங்க.
பழகிப்போச்சு.
சித்திரையில மட்டும் நாக்கு மேல ஒட்டிக்கும்."
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று
சொல்வதுபோலச் சொன்னாள்.
நான் காலி செய்த சொம்பு
ஜன்னல் மேல் இருந்தது.

உயரத்துக்குக் கட்டம் உண்டு, நீளத்துக்கு உண்டு,
வீட்டுவரி ரசீதுக்கு, ஊனச் சதவீதத்துக்கு,
ஆதார் எண்ணுக்குப் பன்னிரண்டு குட்டிக் கட்டம்.
தாகத்துக்கு இல்லை.
அடியில் இரண்டே கோடு: இதர விவரம்.
பதினொரு வருட வேலையில்
அங்கே நான் எழுதியதெல்லாம் 'ஏதுமில்லை'.
அவசரமென்றால் ஒரு கீறல்.

சாய்தளம் என்று எழுதினால் பணம் வரும்,
இடமே இல்லாத சாய்தளத்துக்கு.
கதவு என்று எழுதினால் கேள்வி வரும்.

பைக் சீட்டின் மேல் வைத்து எழுதினேன்:
வாசலில் சாய்தளம் சாத்தியமில்லை.
கழிப்பறை நிலையை முப்பத்தாறு அங்குலமாக்கி
வெளிப்பக்கம் திறக்கும் கதவு.
கைப்பிடி இரண்டு.
மனுதாரர் இரவில் தண்ணீர் குடிப்பதில்லை.

கடைசி வரியை அடிக்கலாமா என்று
தறிச் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
அடிக்கவில்லை.

ஆவணி பாதியில் ஃபைல் திரும்பியது.
நிலைக்குப் பச்சை மையில் ஒரு டிக்,
கைப்பிடிக்கு ஒன்று.
கடைசி வரிக்குக் கீழே நீளமாக ஒரு கோடு,
ஓரத்தில் சாய்ந்த எழுத்தில்:
'இது எந்தச் செலவினத் தலைப்பில் வரும்?
விளக்கம் கோரப்படுகிறது.'

விளக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
ஆபீசில் எல்லோரும் கிளம்பியாயிற்று.
மேசையில் மூடி திறந்த தண்ணீர் பாட்டில்.
மணி ஐந்தேகால்.