திருத்தம்

ஸ்வொல்லெ நகரில்
இரவு பதினொன்றே காலுக்கு அச்சேறும் நாளிதழில்
தலைப்பு வைப்பது என் வேலை.
பதினேழு வருடம். கை பழகிவிட்டது.
ஐந்து சொல்லுக்குள் ஓர் ஆளை அடக்கிவிடுவேன்.

அந்தச் சனிக்கிழமை ஹேக்கில் ஊர்வலம்.
கருவைக் காக்கச் சொல்லி வந்தவர்கள்
பத்தாயிரம் என்றார்கள் அவர்கள்.
எட்டாயிரம் என்றது காவல்துறை.
நாங்கள் போட்டது: சில ஆயிரம்.
எதிரே நின்ற இருநூறு பேருக்கு
எண்ணிக்கை தேவைப்படவில்லை,
அவர்களுக்குப் படம் கிடைத்தது.

யெல்மர் கொண்டுவந்தது நானூறு படங்கள்.
பதாகை நிழலில் தூங்கிய கைக்குழந்தை,
ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்ற மாணவிகள்,
இரு கூட்டத்துக்கும் நடுவே
மிதிவண்டியைத் தள்ளியபடி வழி கேட்ட தபால்காரர்.
வாயைப் பிளந்து கத்தும் ஒரே ஒருவரை
விரலால் தொட்டார் ஆசிரியர் வோப்கே: "இது."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் அந்தப் பக்கத்து ஆள் இல்லை அல்லவா.

எதிர்த்தெருவில் சபைக்காரர்களின் ஏடு.
அங்கும் அந்நேரம் விளக்கு எரிந்தது.
இருநூறு பேரில் ஒருத்தியின் நடுவிரல்
மறுநாள் அவர்கள் முதல் பக்கம்.

நின்கேயை இருவருமே பேட்டி கண்டோம்.
ஒன்பதாவது வாரத்தில் கலைத்தவள்.
அழுதாயா, என்று கேட்டார்கள் அவர்கள்.
அழவைத்தார்களா, என்று கேட்டோம் நாங்கள்.
கண்ணீர் இரு கடைக்கும் வேண்டியிருந்தது.
அவள் சொன்னாள்:
வீட்டுக்கு வந்து பட்டாணிச் சூப் சூடாக்கினேன்.
அடி பிடித்துவிட்டது. அதையே குடித்தேன்.
சில நாள் நினைப்பு வரும். சில நாள் வராது.

சூப் எந்த ஏட்டிலும் வரவில்லை.

பிறகு ஹில்லெக்யே.
தசைகள் ஒவ்வொன்றாகச் சொல்பேச்சுக் கேளாமல் போகும் நோய்.
கேட்டு, மறுபடி கேட்டு, காத்திருந்து,
திங்கள் மதியம் மருத்துவர் ஊசியால் இறந்தார்.
இதை என்னவென்று எழுத?
கருணை என்றால் ஒரு பக்கம் சாய்கிறது,
கொலை என்றால் மறுபக்கம்.
இரண்டையும் ஒட்டிவைத்த சொல்லும் ஒன்று உண்டு,
இரு தட்டிலும் தானே ஏறி உட்கார்ந்து
எடை சரி என்கிற சொல்.
நான் வைத்தேன்: கண்ணியமாக விடைபெற்றார்.

அதே நோய், அதே மாடி, நான்கு கதவு தள்ளி
தீட்மர்.
இமையால் சதுரங்கம் ஆடுகிறவர்.
"நான் இருக்க விரும்புகிறேன்.
அவள் போனது கண்ணியம் என்றால்
எனக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?"
எழுத்துப் பலகையில் அதைச் சொல்லி முடிக்க
அவருக்கு அரை மணி நேரம் ஆனதாம்.
மெத்தைக் கடை விளம்பரம் வந்தது, வெட்டினேன்.
விளம்பரம் வராமலிருந்தால்?
வெட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

புதன் காலை தொலைபேசி.
ஹில்லெக்யேயின் தம்பி பெரெண்ட்.
குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"கண்ணியம் என்று அக்கா ஒருநாளும் சொன்னதில்லை.
களைப்பாக இருக்கிறது என்றாள்.
ஜன்னலைத் துடை என்றாள். துடைத்தேன்.
ஐசெல் ஆற்றில் மணல் ஏற்றிய படகு போனது.
அது வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.
அவள் போனது சரியா என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.
உங்களுக்கு எப்படி ஒரே ராத்திரியில் தெரிந்தது?"

பேனா கையில்தான் இருந்தது.
படகு, என்று எழுதினேன். மணல், என்று எழுதினேன்.
அந்தத் தாளை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

"செய்தியில் தகவல் பிழை ஏதும் உண்டா?"
எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. வாய் கேட்டுவிட்டது.

நீண்ட நேரம் சத்தமில்லை.
"வயது," என்றார். "அறுபத்தொன்று."

வியாழன், இரண்டாம் பக்கம், கீழ் மூலை,
நாய் வரி அறிவிப்புக்கு மேலே:
நேற்று முன்தினம் வெளியான செய்தியில்
வயது அறுபத்திரண்டு என்று தவறாக அச்சாகிவிட்டது.
அறுபத்தொன்று என்று வாசிக்கவும்.
வருந்துகிறோம்.