பால்வெட்டு இல்லாத நாள்

ஆறாம் நாளும் மழை.
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டித்தர
முதலாளிக்கு இந்த வருசம் மனசில்லை,
விலை இல்லையாம்.
வெட்டுக்கத்தி இறவாரத்தில் செருகியபடி கிடக்கிறது.
சிரட்டைகளில் வெறும் வெள்ளம்,
அதில் நெளியும் கொசுப்புழு.

திற்பரப்பு ரோட்டில் கலுங்கு இடிந்து
சொசைட்டி வண்டியும் வரவில்லை.
பசுவுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்?
நுரை பொங்க நாலு லிட்டர் தந்துவிட்டு
திரும்பி என்னைப் பார்த்தாள்.

கப்பலில் அடுக்களை வேலை பார்க்கும் பெனிஸ்டன்
போன மாசம் ஒரு படம் அனுப்பியிருந்தான்:
கறுத்த கல் பலகை, வெள்ளையாய் ஒரு கட்டி,
மேலே ஏதோ பழம், தேன் வழிசல்.
"இது சாப்பாடு இல்லப்பா.
சாப்பாட்டுக்கு முன்ன, பசிய எழுப்புதுக்கு."
றோஸ்லெட் அன்று சிரித்த சிரிப்பில்
அடுப்புச் சாம்பல் பறந்தது.
"இஞ்ச அத எழுப்ப ஆளு வேணுமா?
விடியதுக்கு முன்ன
அதுதான நம்மள எழுப்புது!"

இருந்தாலும், பால் இருக்கிறதே.
எனக்குத் தெரிந்த வேலையும் ஒன்றுதான்.
இருபத்திரண்டு வருசமாய்
டிஷ்ஷில் பால் ஊற்றி, ஆசிட் கலக்கி,
விரலால் தொட்டு, "பிடிச்சாச்சு" என்று சொல்லுகிறவன்.
"அந்த ஆசிட்டு கையோட உள்ள வராதுங்க"
சோப்பை நீட்டினாள்.
மூன்று தடவை கழுவினேன்.
மோந்து பார்த்துத்தான் விட்டாள்.

கொதி வந்ததும் தீயைத் தணித்து
இரண்டு நாரங்காய் பிழிந்தேன்.
பால் திரிந்தால் யார் கண்ணோ என்று
ஜெபமும் சொல்லி
உப்புமிளகும் சுற்றி எரிக்கிற வீடு இது.
இன்று நானே திரிக்கிறேன்,
அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஓரத்தில் கிழிந்த மேகம்போல,
இல்லை, மேகம் எதற்கு,
ஒட்டுப்பால்போலவே
துணுக்குத் துணுக்காய் வெள்ளை விலக,
நடுவே பச்சை படிந்த வெள்ளம்.
"பிடிச்சாச்சு" என்றது வாய், பழக்கத்தில்.

ரப்பரானால் மெஷினில் கொடுத்து
கடைசிச் சொட்டும் வாங்கியிருப்பேன்.
இதை அப்படி நெருக்கக் கூடாதாம்.
புதுத் தோர்த்தில் கட்டி
ஷீட் காயும் கம்பில் தூக்கிவிட்டுச்
சும்மா இருந்தேன்.
சும்மா இருக்கக் கைக்குத் தெரியவில்லை,
இரண்டு தடவை அழுத்தப் போனது.
வடிந்ததைப் பசுவுக்கு வைத்தோம்.
தன்னுடையது என்று அவளுக்குத் தெரியாது.
தெரிந்தும் குடித்திருக்கலாம்.

மேலே வைக்க என்ன?
ரப்பர் மூட்டுக்கு இடையில் விளைந்த கைதச்சக்கை,
அணில் தின்றது போக மீதி.
காந்தாரி மூன்று.
குப்பியடியில் இரண்டு விரல் மாசித் தேன்.
அப்போது
எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அயனி
இந்தப் பக்கம் ஒரு பழத்தைப் போட்டது,
தொப்பென்று.
இந்த ஆனியின் கடைசிப் பழமாக இருக்கும்.

ஞானாபரணத்தோடு பேச்சு நின்று இரண்டு வருசம்.
அரை அடி மண்.
சர்வேயர் மூன்று தடவை வந்தார்,
மூன்று அளவு சொன்னார்.
பிளந்தேன். மஞ்சள் சுளைகள்.
திருட்டுதானே இது என்றேன்.
"போட்டது மழை" என்றாள் றோஸ்லெட்.

பொரித்த மரச்சீனி வற்றல்மேல்
விரலளவு பால்கட்டி,
கிள்ளிய அயனிச் சுளை, கைதச்சக்கை நறுக்கு,
காந்தாரிக் கீறல், தேன் ஒரு நூல்.
வாயில் முதலில்
ஒன்றுமே சொல்லாத ஒரு வெள்ளை.
அப்புறம் புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு.
கடைசியில் காந்தாரி
காதுவரை போய் மணியடித்தது.
சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் பயல்.
பசித்தது.
களைந்த அரிசி போதாதென்று
இன்னொரு நாழி எடுத்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

பிலாவிலை பரப்பிய பீங்கான் தட்டில்
ஆறு வற்றலை நிரத்தி
எல்லைக்கல்மேல் வைத்துவிட்டு வந்தாள்.
கூப்பிடவில்லை.
நனையாமலிருக்க
எங்கள் ஒரே குடையை அதன்மேல் விரித்து வைத்தாள்.

இருட்டும்போது போய்ப் பார்த்தேன்.
தட்டு இல்லை.
குடையும் இல்லை.