குறைந்த செலவு

லான்ஜோ பெரிய மருத்துவமனையில்
மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
கண்ணாடியில் ஒரு கை நுழையும் ஓட்டை.
ஒன்பது வருடமாக
முகங்களைவிடக் கைகளைத்தான் தெரியும் எனக்கு.

லு பெய்வென்னின் கை
அட்டையை நீட்டியது, திரும்ப வாங்கிக்கொண்டது.
ரயில்வேயில் கணக்கராக இருந்தவர்.
இதயத்தில் இரண்டு ஸ்டென்ட்,
ஜன்னலோரப் படுக்கையில் பதினோரு நாள்.
பில் மேசையிலிருந்து வழிந்து என் செருப்பைத் தொட்டது.
அவர் கட்டியது அதன் வாலை மட்டும்.
"வெளியே இன்னும் புழுதிக்காற்றா?"
கேட்டுவிட்டுப் போனார்.

துவான் ஷியூமெய்யின் கை
தோங்வெய் மலையிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தது.
நகக்கண்ணில் உருளைக்கிழங்கு மண்.
அதே அடைப்பு, அதே இடம்
என்று எழுதியிருந்தார் டாக்டர்.
அவளிடமும் அட்டை இருந்தது.
மாவட்டம் தாண்டினால் பாதிக்கும் குறைவாகத்தான் செல்லும்,
இந்த மருந்துக்குச் செல்லாது,
முதலில் முழுத்தொகையும் கட்டிவிட்டு
ஊரில் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.
நான் சொல்லச் சொல்ல
அவள் புருஷன் விரல் மடக்கிக்கொண்டே வந்தான்.
விரல் தீர்ந்துபோனது.

"கோவேறு கழுதையை வித்தாச்சு" என்றான்,
என்னிடம் இல்லை,
ஓட்டையிடம்.

ஒரு ராத்திரி அவசரப் பிரிவு, ஈசிஜி, ரத்தம்,
நாக்கடியில் வைக்கும் மாத்திரை ஒரு குப்பி:
அறுநூற்றுப் பன்னிரண்டு யுவான்.
பேருந்துக் கட்டணத்தை நான் கேட்கவில்லை.
படிக்கட்டுக்குக் கீழே
அட்டைப்பெட்டி விரித்து அவன் படுத்ததற்கு
ரசீது கிடையாது.
"முத்திரையை அழுத்திப் போடுங்கம்மா,
மங்கலா இருந்தா ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க."
இரண்டு தடவை குத்தினேன்.

கணினியில் ஒரு கட்டம் உண்டு:
வெளியேறிய காரணம்.
குணமானார், மாற்றப்பட்டார், இறந்தார், சொந்த விருப்பம்.
ஐந்தாவது கிடையாது.
நான்காவதைத் தட்டினேன்.
வரிசையில் அடுத்த கை
ஏற்கெனவே உள்ளே வந்திருந்தது.

டிசம்பரில் ஆண்டறிக்கை.
நகரத்தாருக்குச் சராசரிச் செலவு ஒரு தூண்,
கிராமத்தாருக்கு ஒரு தூண்.
ஒன்று நெட்டை. மற்றது குட்டை, நீலம்.
அந்த நீலத்துக்குள் எங்கேயோ
ஒரு அறுநூற்றுப் பன்னிரண்டு.

மேலாளர் திரையருகே குனிந்தார்.
"பரவாயில்லையே, மலைக்காற்று!
இவங்களுக்கு அவ்வளவா செலவே இல்ல."
பிறகு,
நீலத்தைக் கொஞ்சம் வெளிறலாக்கச் சொன்னார்.
அச்சில் அதுதான் எடுப்பாம்.