கலைச்சொல்

கோட்டை வீதியின் நட்ட நடுவில்
ஒரு மான் படுத்திருக்கிறது.
ஓட்டோக்கள் இரண்டாய்ப் பிரிந்து
அதன் மூக்கில் படாமல், முதுகில் படாமல் வளைந்து
அப்பால் போய்ச் சேர்ந்துகொள்கின்றன.
கடற்கரைப் பக்கம் நிற்பவனுக்கு
எல்லாம் நேரே வந்த மாதிரித்தான்.
மான் இருந்ததற்குச் சாட்சி இல்லை.

மூன்று வருடமாக நான் செய்வதும் இதுதான்.
மானுக்குப் பதில் ஒரு செப்புக் குழாய்த் துண்டு,
ஓட்டோவுக்குப் பதில் நுண்ணலை.
அதுவும் ஒளிதான், கண்ணுக்கு எட்டாத ஒளி.

முதலில் தாளில்.
வெளியை ரப்பர் என்று வைத்துக்கொள்,
ஒரு புள்ளியைப் பிடித்து அகட்டு.
கோடுகள் நெருங்கலாம், வளையலாம், கிழியக் கூடாது.
அந்த வளைவைப் பிறகு ஒரு பொருளின் குணமாக மாற்று:
இந்த இடத்தில் இவ்வளவு மின் விடுதிறன்,
அந்த இடத்தில் இவ்வளவு காந்த உட்புகுதிறன்,
உள்விளிம்பில் ஒன்று பூச்சியத்துக்கு இறங்கும்,
ஒன்று முடிவிலிக்கு ஏறும்.
அப்படியொரு கல் எந்த மலையிலும் இல்லை.
செய்தால்தான் உண்டு.

செய்தோம். சுண்டுவிரல் நகத்தில் பாதி,
வாய் பிளந்த செப்பு வளையங்கள், பத்துச் சுற்று.
ஞானரூபி பெரிக் குளோரைட்டில் அரித்தெடுப்பாள்,
கையுறையையும் மீறி விரல் மஞ்சளாகும்.
அலைக்கு, சீனன்குடாவில் செத்துக் கிடந்த
இழுவைப் படகொன்றின் ராடார்.
ரிஸ்மின் பேரம் பேசி வாங்கினான்.
அனுமதிக் கடிதங்கள் நான்கு.
"எதை ஒளிக்கப் போறீங்கள்?"
காவலரணில் கேட்டவனுக்குக் குழாயைக் காட்டினேன்.
சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

போன வியாழன் பின்னேரம்
குழாயின் நிழல் பாதியாய்க் குறைந்தது.
முழுதாக அல்ல.
ஒன்பது தசம் நாலு கிகாஹெர்ட்ஸ், அது ஒன்றுக்கு மட்டும்.
இம்மி விலகினால் குழாய் பழையபடி குழாய்.
ரிஸ்மின் கத்தினான், அந்தச் சத்தத்தில்தான்
கரண்ட் போனதென்று இன்னும் சொல்கிறோம்.

பீடத்துக்கு ஆய்வுச் சுருக்கம்
மூன்று மொழியிலும் வேண்டுமாம்.
தமிழில் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன்.
செய்த வேலைக்கு ஒரு பெயர் வேண்டும்.
கை தானாகத் தட்டியது:
காணாமல் ஆக்கல்.
இலக்கணம் சரி, பொருளும் சரி.

தோளுக்குப் பின்னால் நின்று ஞானரூபி வாசித்தாள்.
"அந்தச் சொல்லுக்குள்ள எங்கட அண்ணா இருக்கிறார், மிஸ்."
வேறொன்றும் சொல்லவில்லை.
கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினாள்.

அழித்தேன்.
சமன்பாட்டில் இருப்பது, சுருக்கத்தில் எவரும் எழுதாதது:
வளையத்துக்குள் வெளிச்சம் போகாது.
உள்ளே இருப்பவரை நாம் காணாதது போல
உள்ளே இருப்பவரும் நம்மைக் காணார்.

ஒளி.
பெயராய் நின்றால் வெளிச்சம்,
ஏவலாய் நின்றால் பதுங்கு.
இந்த மொழி இரண்டையும் ஒரே வாயால் சொல்லிவிட்டு
பேசாமல் இருந்திருக்கிறது.
ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டிலாவது
இருட்டினால் யாரோ கூப்பிடுவார்கள்,
எல்லாரும் வெளியே வந்தாக வேண்டும்.
'ஒளித்தல்' என்று எழுதி அனுப்பினேன்.
சரியா என்று அவளைக் கேட்கவில்லை.

உப்புவெளியில் பஸ் மெதுவாகிறது.
தகரக் கொட்டிலின் கீழ் பெண்கள்,
மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள்.
மேற்கு வெயில் உறையில் பட்டுத் தெறித்து
முகம் இருக்கும் இடமெல்லாம் வெறும் வெள்ளை.
பஸ் ஓரடி நகர,
ஒரு காது. கொலர். அரும்பு மீசை.
இன்னும் ஓரடி, திரும்ப வெள்ளை.

தினமும் இந்த வளைவுக்கு முன்னால்
ஞானரூபி ஏன் எழுந்துபோய்
பின்னால் மூன்றாவது ஜன்னலோரம் உட்காருகிறாள் என்பது
இன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.