நாற்காலி எண் ஆறு

செவ்வாய், வியாழன், சனி
காலை ஆறேகாலுக்கு
லிண்டெல்ஸ் கடைக்குள் நுழைகிறேன்.
பெயர்ப்பலகையைக் கழற்றி முப்பது வருடமாகிறது.
எழுத்துகள் மறைத்திருந்த இடத்தில் மட்டும்
செங்கல் இன்னும் புதுச் சிவப்பு.
தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளலாம்.

நடுவில் கொஞ்ச நாள் கம்பளக் கிடங்கு,
கொஞ்ச நாள் ஒன்றுமில்லை,
இப்போது டயாலிசிஸ் நிலையம்.
வாசனைத் திரவியங்கள் இருந்த இடத்தில்
எடை பார்க்கிறார்கள்.
கைப்பைகளைத் தாண்டி இடப்பக்கம் திரும்பினால்
ரத்த அழுத்தம்.
என் நாற்காலி, ஆறாம் எண்,
பெண்கள் காலணிப் பிரிவில் இருக்கிறது;
இன்னும் சரியாகச் சொன்னால்
ஸ்டச்சுரா மண்டியிட்டு
பஃபலோவின் கிழக்குப் புறநகர் முழுவதற்கும்
பாதம் அளந்த இடத்தில்.
அவருக்கு முகங்கள் தங்காது.
ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது
"ஏழரை, அகலம்" என்பார்
எனக்கு வணக்கமாக.

நான் அடித்தளத்தில் இருந்தேன்.
தவணைப் பிரிவு. பத்தொன்பது வருடம்.
வாரம் இரண்டு டாலர், முடிந்தால் மூன்று.
கடைசிக் காசு வரும்வரை பொருள் எங்களோடு:
மிதிவண்டிகள்,
ஒரு அக்கார்டியன்,
மண்ணிறத் தாளில் கட்டி
பெயர் எழுதிய குளிர்கோட்டுகள்.
உருக்காலையில் வெள்ளிக்கிழமை சம்பளம்.
வெள்ளி மாலை வரிசை மாடிப்படி ஏறி
தொப்பிகள் வரை போகும்.
ஆலை மூடியபின் வரிசை மெலிந்தது,
பொட்டலங்கள் மெலியவில்லை.
சிலர் பணம் கட்ட வரவில்லை,
பார்த்துவிட்டுப் போக வந்தார்கள்.
பிரித்துக் காட்டுவேன்.
விதிப்படி கூடாது.

நல்ல கடை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.
பனி உருகினால் கூரை ஒழுகும்.
வாடிக்கையாளர் லிஃப்டில் நாங்கள் ஏறக் கூடாது.
கறுப்பினப் பெண்கள் தொப்பியை
தலையில் வைத்துப் பார்க்கக் கூடாதென்று
எனக்கு முந்திய காலத்தில் ஒரு விதி இருந்ததாம்.
என் காலத்தில் விதி இல்லை.
பார்வை இருந்தது.

ஆனாலும் அந்தச் சத்தம்.
பணத்தை உருளையில் வைத்து
சுவரிலிருந்த குழாய்க்குள் விட்டால்
காற்று அதை உறிஞ்சிக்கொண்டு போகும்.
மூன்றாம் மாடியில் யாரோ,
நான் பார்த்தேயிராத யாரோ,
எண்ணி, முத்திரை குத்தி
மீதியைத் திருப்பி அனுப்புவார்.
டொப்பென்று விழும்.
ஒரு சதம் குறைந்ததில்லை.

இப்போது என் ரத்தம் அப்படித்தான் போகிறது,
அப்படித்தான் வருகிறது.
இந்த முறை
மீதி சரியா என்று எனக்குத் தெரியாது.

இன்று ஊசியை ஒட்டிக்கொண்டே லவோன் கேட்டாள்:
"நீங்க இந்தக் கடையிலதான் வேலை பார்த்தீங்களாமே?
எங்க அம்மா கோட் ஒண்ணு இங்க இருந்தது.
இன்னும் ஒரே தவணை பாக்கி, கடையை மூடிட்டாங்க.
ஏர்லீன் பிக்கெட்.
ஞாபகமிருக்கா?"

எத்தனை கோட்டுகள்.
"இருக்கு," என்றேன். "பச்சை."
"நீலம்."
"ஆமாம், நீலம்தான்."
அவள் என் நாடியைப் பிடித்தபடி
கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி வாரத்தில் ஹேங்கர்களைக்கூட விற்றார்கள்.
தவணைப் பொட்டலங்களுக்கு
பின்வாசலில் ஒரு லாரி வந்தது.
பணம் தபாலில் திரும்பும் என்றார் மேலாளர்.
சிலருக்குத் திரும்பியது.
ஏணியில் ஏறி
ஒவ்வொன்றாக எடுத்து
பெயரைப் படித்து
லாரிக்காரனிடம் நீட்டிய கை
இப்போது லவோன் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்
இந்தக் கைதான்.
பெயரைச் சத்தமாகப் படிக்க வேண்டும், அதுதான் முறை.
ஒரு பெயரும் விடாமல் படித்தேன்.

இயந்திரம் இன்னும் மூன்று மணி
நாற்பது நிமிடம் என்று காட்டுகிறது.
அவளிடம் சொல்ல நேரம் இருக்கிறது.

வியாழக்கிழமை இருக்கிறது.
சனிக்கிழமை.